407: பிரவுசர் ஓடுகிறது, பிப் மட்டும் ஓடவில்லை

நம் பக்கத்துப் பிள்ளைகள் எனக்கு அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் எண் 407. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், மணமேல்குடி என்று இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து ஊர்களிலிருந்து பொறியியல் படிக்கப் போனவர்கள். பாதிப் பேருக்கு வீட்டில் அவர்கள்தான் முதல் பட்டதாரி. கருப்புத் திரை, சிவப்பு எழுத்து, கடைசி வரியில் பிராக்ஸி ஆதென்டிகேஷன் ரிக்வயர்ட். அதற்குக் கீழே ஒரு கேள்வி: "அண்ணே, பிரவுசர்ல யூடியூப்லாம் ஓடுது. பிப் போட்டா மட்டும் இப்படி வருது. எனக்கு மட்டும் ஏன் வருது?"

அந்த 'எனக்கு மட்டும்' என்ற சொல்லுக்காகத்தான் இந்தப் பதிவு. தம்பி, தங்கச்சி, உங்களுக்கு மட்டும் வரவில்லை. உலகம் முழுக்க, பூட்டிய வலைக்குள் உட்கார்ந்து நிரல் எழுதுகிற எல்லோருக்கும் வருகிறது. வங்கியில் வேலை பார்ப்பவருக்கு வருகிறது, அரசு அலுவலகத்தில் இருப்பவருக்கு வருகிறது, பெரிய ஐடி கம்பெனியின் வாடிக்கையாளர் தளத்தில் இருப்பவருக்கும் வருகிறது. அவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் சொல்லித்தர ஆள் இருக்கிறார். முதலாமாண்டு லேபில் உங்களுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். நம் ஊரில் விசைப்படகு கடலுக்குப் போகும் நாளில் மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்காமல் போக முடியாது. யார் படகு, என்ன எண் என்று பதிந்த பிறகுதான் அனுமதி. கல்லூரியின் பிராக்ஸி சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளேயிருந்து வெளியே போகிற ஒவ்வொரு வேண்டுகோளும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். போகிறவர் யார் என்று அது கேட்கும். பதில் இல்லாமல் வந்தால் 407 என்று திருப்பி அனுப்பும். அதாவது 407 என்பது 'நீ தவறு செய்துவிட்டாய்' என்ற செய்தி இல்லை. 'டோக்கனைக் காட்டு' என்ற செய்தி. 1999இல் வந்த எச்டிடிபி 1.1 வரையறையிலும் இந்த எண் இருக்கிறது, 2022இல் திருத்தி வெளியிட்ட வரையறையிலும் அதே பொருளில் இருக்கிறது.

பிரவுசர் மட்டும் எப்படி ஓடுகிறது? அது 407ஐப் பார்த்ததும் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். ஒருமுறை கொடுத்தால் மூடும்வரை நினைவில் வைத்துக்கொள்ளும். கல்லூரி டொமைனில் சேர்ந்த விண்டோஸ் கணினி என்றால் கேட்காமலேயே உங்கள் லாகினைக் கொடுத்துவிடும். பைதான் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவியான பிப்புக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. பிரவுசருக்குத் தெரிந்தது பிப்புக்குத் தெரியாது, பிப்புக்குத் தெரிந்தது கிட்டுக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஒரு விஷயத்தை முதல் லேப் வகுப்பில் ஒரு ஆசிரியர் சொல்லிவிட்டால் எத்தனையோ பிள்ளைகளின் எத்தனையோ மாலைகள் மிச்சமாகும்.

சொல்லும் முறைக்கு வருகிறேன். பெரும்பாலான கருவிகள் சூழல் மாறிகளைப் பார்க்கும். எச்டிடிபி பிராக்ஸி, எச்டிடிபிஎஸ் பிராக்ஸி என்று இரண்டு. சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு. அதில் வைக்க வேண்டிய மதிப்பு இந்த வரிசையில் இருக்கும்: முதலில் எச்டிடிபி என்ற தொடக்கம், பிறகு உங்கள் பயனர் பெயர், முக்காற்புள்ளி, பாஸ்வேர்டு, @ குறி, பிராக்ஸியின் முகவரி, மறுபடி முக்காற்புள்ளி, போர்ட் எண். கல்லூரிகளில் அதிகம் காணும் ஸ்க்விட் பிராக்ஸியின் இயல்பு போர்ட் 3128. சில இடங்களில் 8080.

இந்த ஒரு வரியில் மூன்று இடத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாஸ்வேர்டுக்குள்ளேயே @ இருந்தால், சில கருவிகள் அந்த @ குறியை முகவரியின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும். சிறப்புக் குறி ஒன்று கட்டாயம் வேண்டும் என்று கல்லூரியே விதி வைத்திருக்கும். எல்லோரும் வைப்பது அந்த @ குறியைத்தான். அதற்குப் பதிலாக %40 என்று எழுத வேண்டும். # குறிக்கு %23. பாஸ்வேர்டு சரியாகவே இருக்கும், பிரவுசரில் வேலை செய்யும், இங்கே மட்டும் பிழை வந்துகொண்டே இருக்கும். காரணம் பெரும்பாலும் இதுதான். விண்டோஸில் இதை ஒரு பேட்ச் கோப்புக்குள் எழுதினால் % குறியை இரண்டு முறை போட வேண்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, எச்டிடிபிஎஸ் பிராக்ஸி என்ற மாறியின் மதிப்பும் பெரும்பாலான கல்லூரிகளில் எச்டிடிபி என்றுதான் தொடங்க வேண்டும். அந்த மாறியின் பெயர் 'எச்டிடிபிஎஸ் தளங்களுக்குப் போகும்போது எந்தப் பிராக்ஸி' என்று சொல்கிறது. பிராக்ஸியோடு பேசுவது எந்த மொழியில் என்பது வேறு கேள்வி. முன்பெல்லாம் தவறாக எழுதினாலும் பைதான் நூலகங்கள் கண்டுகொள்ளாமல் விட்டன. 2020 கடைசியில் யூஆர்எல்லிப்3 நூலகத்தின் 1.26 பதிப்பு வந்ததும் அது கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கியது, பிப் 20.3 பதிப்புக்கு மாறிய பல பேருக்கு நேற்றுவரை ஓடியது மறுநாள் நின்றுபோனது. பழைய குறிப்புகளை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறவர்கள் இன்னும் இதில் விழுகிறார்கள்.

மூன்றாவது, பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்ற கேள்வி. கர்ல் என்ற கருவி எச்டிடிபி பிராக்ஸி மாறியைச் சின்ன எழுத்தில் மட்டும்தான் ஏற்கும். இது பிடிவாதம் இல்லை. பின்னால் ஒரு பாதுகாப்புக் காரணம் இருக்கிறது. பழைய சிஜிஐ முறையில் ஓடும் வலைத்தளங்களில், வெளியிலிருந்து வருபவர் 'பிராக்ஸி' என்று ஒரு தலைப்பை அனுப்பினால் அது சர்வருக்குள் பெரிய எழுத்து எச்டிடிபி பிராக்ஸி மாறியாகவே உருவெடுத்துவிடும். யாரோ ஒரு வெளியாள் உங்கள் சர்வரின் போக்குவரத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். பெர்ல் உலகத்தில் 2001இலேயே கவனித்த ஓட்டை இது. 2016 ஜூலையில் எச்டிடிபாக்ஸி என்ற பெயரில் பிஎச்பி, பைதான், கோ என்று பல மொழிகளில் மறுபடி வெளிப்பட்டது. உங்கள் கணினியில் இரண்டு வடிவத்திலும் வைத்துவிடுங்கள், குழப்பம் தீரும்.

பிப் இப்போது ஓடும். சந்தோஷமாக, உபுண்டுவில் ஆப்ட் போட்டுப் பார்ப்பீர்கள், அது நிற்கும். சுடோ என்று முன்னால் போட்டவுடன் உங்கள் சூழல் மாறிகள் கழன்றுவிடும் என்பதுதான் காரணம். ஆப்ட்டுக்குத் தனியாக ஒரு அமைப்புக் கோப்பு இருக்கிறது, அதில் எழுதலாம். கிட்டுக்கும் என்பிஎம்முக்கும் தனித்தனி அமைப்புக் கட்டளை உண்டு. டாக்கர் பின்னணியில் ஓடும் சேவை என்பதால் உங்கள் டெர்மினலில் நீங்கள் வைத்த எதுவும் அதற்குத் தெரியாது. அந்தச் சேவையின் அமைப்பில் ஒருமுறை, கன்டெய்னருக்குள் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும்.

ஆண்ட்ராய்டு செயலி எழுதும் பிள்ளைகளுக்குத்தான் கொடுமை அதிகம். செயலியைக் கட்டும் கருவியான கிரேடில் ஜாவாவில் ஓடுவது. 2016 அக்டோபரில் வந்த ஜாவா 8இன் 111ஆவது அப்டேட்டிலிருந்து, எச்டிடிபிஎஸ் இணைப்புக்காகப் பிராக்ஸியிடம் 'பேசிக்' முறையில் பாஸ்வேர்டு கொடுப்பதை ஜாவா இயல்பாகவே நிறுத்திவிட்டது. அதனால் கிரேடில் கோப்பில் முகவரி, போர்ட், பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் சரியாக எழுதியும் 407தான் வரும். தடை செய்யும் முறைகளின் பட்டியலாக ஜாவாவில் ஒரு அமைப்பு இருக்கிறது. கிரேடிலின் சிஸ்டம் அமைப்புகளில் அந்தப் பட்டியலைக் காலியாக வைத்தால் திறக்கும். ஒரு மாணவியின் இறுதியாண்டு புராஜெக்ட்டை இந்த ஒரு பட்டியல் நிறுத்தி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் தலைப்பையே மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஜாவா ஏன் நிறுத்தியது? நியாயமான காரணம்தான். பேசிக் முறையில் பாஸ்வேர்டு பேஸ்64 வடிவத்தில் போகிறது. பார்க்கப் புரியாத எழுத்துக்கூட்டம் போலிருக்கும், ஆனால் அது பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிவிடலாம். உங்களுக்கும் பிராக்ஸிக்கும் நடுவிலுள்ள கம்பியில் ஒட்டுக்கேட்பவர் இருந்தால் பாஸ்வேர்டு அவர் கையில். சில நிறுவனங்கள் இதனாலேயே என்டிஎல்எம் அல்லது கெர்பரோஸ் முறையை வைத்திருக்கும். பிப்புக்கு நேரடியாக என்டிஎல்எம் தெரியாது. அங்கே சிஎன்டிஎல்எம் அல்லது பிஎக்ஸ் என்ற சின்ன இடைநிலைக் கருவியை உங்கள் கணினியிலேயே ஓட விடலாம். பிப் அதனிடம் பேசும். அது உங்கள் சொந்த லாகினை வைத்துப் பிராக்ஸியிடம் முறைப்படி பேசும். இது சுவர் ஏறிக் குதிப்பது இல்லை. உங்கள் பெயரில், உங்கள் அனுமதியில், வாசல் வழியாகப் போவதுதான். ஆனாலும் லேப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள்.

பாஸ்வேர்டைப் பற்றி இன்னொன்று. பொது லாகின் உள்ள லேப் கணினியில், டெர்மினலில் அந்த நீள வரியை அடித்துவிட்டு எழுந்து போகிறீர்கள். அடுத்து உட்காருகிறவர் மேல் அம்புக்குறியை அழுத்தினால் உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே வந்து நிற்கும். அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அந்தப் பதிவில் இருக்கப்போவது உங்கள் பெயர்; விசைப்பலகையில் யார் விரல் இருந்தது என்பது அதில் இருக்காது. உபுண்டுவின் பேஷில் வரியின் தொடக்கத்தில் ஒரு இடைவெளி விட்டு அடித்தால் அது வரலாற்றில் சேராது. இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வைத்த பாஸ்வேர்டைக் கல்லூரிப் பிராக்ஸிக்கு வைக்கவே வைக்காதீர்கள்.

இனி நான் கோபத்தோடு எழுத வேண்டிய பகுதி. 407 தீர்ந்தபிறகு பலருக்கு அடுத்ததாக வருவது சான்றிதழ்ப் பிழை: சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்ட். சில கல்லூரிகளும் அலுவலகங்களும் எச்டிடிபிஎஸ் இணைப்பை நடுவில் பிரித்துப் பார்த்து, தங்கள் சொந்தச் சான்றிதழைப் போட்டு மறுபடி மூடி அனுப்புகின்றன. பிப்புக்கு அந்தச் சான்றிதழைத் தெரியாது, அதனால் நிற்கிறது. அது நிற்பது சரி. இதற்கு இணையத்தில் உலவும் மருந்து, சரிபார்ப்பையே அணைத்துவிடுவது: பிப்பில் 'டிரஸ்டட் ஹோஸ்ட்', என்பிஎம்மில் 'ஸ்ட்ரிக்ட் எஸ்எஸ்எல்'லைப் பொய் என்று வைப்பது. ஆசிரியர்களே இதைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். செய்யாதீர்கள். ஒரு பேக்கேஜை நிறுவுவது என்பது படம் பார்ப்பது போன்றது இல்லை. நிறுவும்போதே அதற்குள் இருக்கும் நிரல் உங்கள் கணினியில் ஓட முடியும். யார் அனுப்பினார் என்று பார்க்காமல் வாங்கி ஓட்டுவதற்கு நீங்களே கையெழுத்துப் போடுகிறீர்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2012இல் நடந்த கதை ஒன்று உண்டு. நம் நாட்டுக் கல்லூரிகளில் அப்போது பரவலாக இருந்தது சைபரோம், அகமதாபாத்தில் உருவான நெட்வொர்க் பாதுகாப்புக் கருவி. ஜோர்டானில் ஒருவர், இணையத்தில் அடையாளத்தை மறைக்க உதவும் டார் திட்டத்தின் தளத்துக்குப் போகும்போது போலிச் சான்றிதழ் ஒன்றைக் கண்டு புகார் சொன்னார். டார் திட்டத்தைச் சேர்ந்த ரூனா சாண்ட்விக், பென் லாரியோடு சேர்ந்து ஆராய்ந்தபோது, போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க எல்லா சைபரோம் கருவிகளும் ஒரே சான்றிதழை, அதனால் ஒரே ரகசியச் சாவியை, வைத்திருப்பது தெரிந்தது. ஒரு கல்லூரியின் கருவியிலிருந்து சாவியை எடுத்தவர் இன்னொரு கல்லூரியின் மாணவரை ஏமாற்ற முடியும் என்ற நிலை. சாவி வெளியே வந்ததும் நிறுவனம் அவசரத் திருத்தம் வெளியிட்டு ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி வைத்தது. சான்றிதழை நம்புவதற்கு முன் அது யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியம் இதில் தெரிகிறது.

சரியான வழி கடினமே இல்லை. கல்லூரியின் மூலச் சான்றிதழ்க் கோப்பை நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். அதைக் கணினியின் நம்பகப் பட்டியலில் சேருங்கள். 2024 ஜூலையில் வந்த பிப் 24.2, பைதான் 3.10 அல்லது அதற்கு மேல் இருந்தால், கணினியின் அந்தப் பட்டியலையே இயல்பாகப் பார்க்கிறது. பழைய பிப் என்றால் கோப்பின் இடத்தை அமைப்பில் சொல்லலாம். நோடுக்கும் கூடுதல் சான்றிதழைக் காட்டத் தனிச் சூழல் மாறி உண்டு.

இவ்வளவும் மாணவர் செய்ய வேண்டியது. ஆனால் என் மனதில் இருக்கும் பெரிய விஷயம், கல்லூரி செய்ய வேண்டியது.

பிராக்ஸிக்கு ஒரு காலத்தில் இன்னொரு நல்ல பயன் இருந்தது. ஒருவர் இறக்கிய கோப்பை அது தன்னிடம் வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு உள்ளிருந்தே கொடுக்கும். 1996இல் ஸ்க்விட் பிறந்தது முக்கியமாக இந்த வேலைக்காகத்தான். இன்று பேக்கேஜ் களஞ்சியங்கள் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிவிட்டன. பைதான் களஞ்சியமான பைபிஐ 2017இல் சாதா எச்டிடிபியை மூடிவிட்டது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் எச்டிடிபிஎஸ்ஸில், நடுவில் பிரித்துப் பார்க்காத பிராக்ஸி ஒரு குழாயை மட்டும் திறந்துவிடுகிறது; உள்ளே போவது என்ன என்று அதற்குத் தெரியாது, சேமித்து வைக்கவும் முடியாது. டெபியன் தொகுப்புகள் கையொப்பத்தால் சரிபார்க்கப்படுவதால் இன்னும் சாதா எச்டிடிபியில் வர முடிகிறது; அவற்றை மட்டும் பழையபடி சேமிக்கலாம்.

விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லினக்ஸுக்கான டென்சர்ஃப்ளோ வீல் கோப்பு அண்மைப் பதிப்புகளில் சுமார் 600 எம்பி. அறுபது பேர் ஒரே நேரத்தில் நிறுவினால் ஒரே கோப்பு அறுபது தடவை, 36 ஜிபி, ஒரே குழாயில் வருகிறது. லேப் நேரம் முடிந்துவிடும். அப்போது ஆசிரியர் சொல்வது, "எல்லாரும் ஹாட்ஸ்பாட் போட்டுக்கோங்க." ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி கிடைக்கும் திட்டத்தில் இருக்கும் பிள்ளை அந்த ஒரு பேக்கேஜையும் அதன் துணைகளையும் இறக்கினால், அன்றைய டேட்டாவில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். இரவு வீட்டுக்கு வீடியோ கால் பேச அதிகம் மிச்சமிருக்காது. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகில் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு வருமானம் நின்றுபோகிறது. அந்த மாதங்களில்தான் பல கல்லூரிகளில் புராஜெக்ட் ரிவ்யூவும் செமஸ்டர் தேர்வும் வருகின்றன. கட்டணம் வாங்கிய கல்லூரியின் இணையத்தை விட்டுவிட்டு அந்தப் பிள்ளை ரீசார்ஜ் போட வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தீர்வு பழையது, இலவசமானது. சென்னை ஐஐடி தன் வளாகத்திலேயே லினக்ஸ் தொகுப்புகளின் மிரரை வைத்து வெளியாருக்கும் திறந்துவிட்டிருந்தது. அவ்வளவு பெரிதாகக்கூட வேண்டாம். லேபின் மூலையில் இருக்கும் ஒரு பழைய கணினி, ஒரு டெராபைட் வட்டு போதும். அதில் பைதானுக்கு டெவ்பி, என்பிஎம்முக்கு வெர்டாச்சியோ, உபுண்டுவுக்கு ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவலாம். மூன்றும் கட்டற்ற மென்பொருள். முதல் மாணவர் கேட்கும்போது வெளியிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளும். மீதி ஐம்பத்தொன்பது பேருக்கு உள்வலையின் வேகத்தில் கொடுக்கும். பிராக்ஸி பாஸ்வேர்டு அந்த ஒரு கணினிக்கு மட்டும் தெரிந்தால் போதும். மாணவர் யாரும் தன் பாஸ்வேர்டை எந்தக் கோப்பிலும் எழுத வேண்டியதில்லை. நோ பிராக்ஸி என்ற மாறியில் அந்தக் கணினியின் முகவரியைச் சேர்த்துவிட்டால் வேண்டுகோள் பிராக்ஸி பக்கமே போகாது.

அதுவும் இல்லாத இடத்தில் பென்டிரைவ் இருக்கிறது. 2011 ஏப்ரல் வரை உபுண்டுவை வெளியிடும் நிறுவனம் அதன் குறுந்தகடுகளை இலவசமாகத் தபாலில் அனுப்பியது. அந்த மாதிரி ஒரு தகடு வகுப்பெல்லாம் சுற்றி வந்த காலத்தில் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பிப்பில் 'டவுன்லோட்' கட்டளை, பேக்கேஜையும் அதன் துணைகளையும் நிறுவாமல் ஒரு அடைவில் இறக்கி வைக்கும். அதைப் பென்டிரைவில் எடுத்துப் போய், 'களஞ்சியத்தைத் தேடாதே, இந்த அடைவில் பார்' என்று சொல்லி நிறுவலாம். ஊருக்கு வரும்போது யாராவது ஒருவர் வீட்டு பிராட்பேண்டில் இறக்கிக்கொண்டு போனால் ஒரு விடுதி முழுக்க ஓடும். இறக்கும் கணினியும் நிறுவும் கணினியும் ஒரே இயங்குதளம், ஒரே பைதான் பதிப்பாக இருக்கட்டும். இல்லையென்றால் கட்டளையிலேயே மற்றக் கணினியின் விவரத்தைக் குறிப்பிட வேண்டும்.

சோதித்துப் பார்க்க நான் எப்போதும் சொல்லும் பேக்கேஜ் ஓப்பன்-தமிழ். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் தன்னார்வமாக உருவாக்கியது, பைபிஐயில் இருக்கிறது, அளவிலும் சின்னது. பைதானிடம் 'கோட்டைப்பட்டினம்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 16 என்று சொல்லும். புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணிவிடுகிறது. ஓப்பன்-தமிழிடம் கேட்டால் 9 எழுத்து என்று சரியாகப் பிரித்துக் கொடுக்கும். பிராக்ஸியைத் தாண்டி நீங்கள் முதலில் இறக்கும் பேக்கேஜ் அதுவாக இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். தமிழில் இதையெல்லாம் படிக்க வேண்டுமென்றால் 2012 முதல் வந்துகொண்டிருக்கும் கணியம் தளம் இருக்கிறது. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுக்களில் கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கல்லூரிகளில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், அக்காமார் இதைப் படித்தால் என் வேண்டுகோள் இது. பிராக்ஸியை எடுத்துவிடச் சொல்லவில்லை. உங்களுக்கு விதிகள் உண்டு, பதிவு வைக்கும் கடமை உண்டு. ஒரு பக்கக் குறிப்பு ஒன்று அச்சடித்து லேப் கதவில் ஒட்டுங்கள்: பிராக்ஸி முகவரி, போர்ட், எந்த முறையில் உறுதிப்படுத்துகிறது, @ குறிக்கு என்ன எழுத வேண்டும், சான்றிதழ்க் கோப்பு எங்கே கிடைக்கும். அடுத்த விடுமுறையில் அந்தப் பழைய கணினியில் டெவ்பி போடுங்கள். எப்படி என்று கேட்டு எழுதினால் உட்கார்ந்து சேர்ந்து செய்ய நான் தயார். பிள்ளைகளே, அடுத்த முறை 407 வந்தால் 'எனக்கு மட்டும் ஏன்' என்று எழுதாதீர்கள். எந்தக் கருவி, எந்த இயங்குதளம், மாறியில் என்ன வைத்தீர்கள் என்று, பாஸ்வேர்டை மட்டும் அழித்துவிட்டு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.